தனியாகத் துவைக்க வேண்டிய துணிகள்

மேனாம்பேடு, அம்பத்தூர்
9 ஜூன் 2025

பார்வதம் அக்காவுக்கு,

ஒன்றை நம்பாத ஒருத்தி அதற்கு ஏன் பயப்படுகிறாள்? மூன்று வாரமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்காமல் போகலாம். அதுகூடப் பரவாயில்லை. எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்பதுதான் தெரியவில்லை. அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் எனக்குத் தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். பிழைக்கக்கூடிய வகை என்கிறார் டாக்டர். ஆனால் அறுவைக்குத் தப்பிய செல்கள் கொஞ்சம் உள்ளே இருக்கும், அவற்றை அழிக்கக் கதிரியக்க அயோடின் தர வேண்டும் என்கிறார். ஒரே ஒரு மாத்திரை. விழுங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் தனி அறை. வெளியே வந்த பின்னும் இரண்டரை வாரம் கர்ப்பிணிகள் பக்கமும் குழந்தைகள் பக்கமும் போகக் கூடாது.

மகள் லாவண்யாவுக்கு இது ஆறாம் மாதம். ரத்த அழுத்தம் இருப்பதால் படுக்கையைவிட்டு எழ வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், போன மாதமே இங்கே வந்துவிட்டாள். வீட்டில் இருப்பது இரண்டு அறை, ஒரு கழிப்பறை. லாவண்யாவின் அப்பா போன பிறகு எனக்கு அதுவே தாராளமாக இருந்தது.

ஜூன் 2-ஆம் தேதி வரச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் என்று போன் செய்து தள்ளிப்போட்டேன். காய்ச்சல் எதுவும் இல்லை. இப்போது 16-ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மருத்துவமனையில் நான்கு பக்கத் தாள் ஒன்று தந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ‘நோயாளியின் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. எப்படி என்று இல்லை. நீங்கள் இருபது வருடத்துக்கு மேலாக அணுமின் நிலையத்தின் சலவைக்கூடத்தில், உள்ளே போய் வருகிறவர்கள் போட்டுக் கழற்றும் துணிகளைத் துவைக்கிறீர்கள். இந்த வேலையைக் கையால் செய்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது. எப்படித் துவைப்பது என்று மட்டும் எழுதினால் போதும்.

2022-இல் நடந்ததைப் பற்றி இதில் எழுதவில்லை. உதவி கேட்கும் கடிதத்தில் அதையும் சேர்த்தால் மன்னிப்பு மாதிரி இருக்காது, விலை பேசுவது மாதிரி இருக்கும்.

வரலட்சுமி


கல்பாக்கம் டவுன்ஷிப்
13 ஜூன் 2025

மதிப்பிற்குரிய பேராசிரியர் வரலட்சுமி அவர்களுக்கு,

உங்க லெட்டர் கெடச்சுது. ஒடம்பு சரியில்லன்னு படிச்சதும் எனக்குக் கஷ்டமாப் போச்சு. அது நெசம். மீதியெல்லாம் கோவம். ரெண்டையும் பிரிச்சுதான் எழுதறேன், எங்க லாண்டரில துணி பிரிக்கறாப்ல.

மொதல்ல துணி. நீங்க கேட்டது அதானே.

எங்க லாண்டரிக்கு வர்ற துணிய மொதல்ல கதிர் அளக்கற மீட்டர்ல காட்டுவோம். கொஞ்சமா காட்டறது ஒரு கூடை, அதிகமா காட்டறது ஒரு கூடை. ரெண்டையும் கலக்கவே மாட்டோம். துவைச்சுக் காய வெச்சப்புறம் மறுபடியும் மீட்டர். இன்னும் காட்டினா மறுபடியும் தண்ணி. அதுக்கும் போவலன்னா அந்தத் துணி திரும்ப வெளிய வராது, கழிவுல போயிடும். கையில ஒற, கால்ல ஒற, மார்ல கதிர்க் கணக்கு வெக்கற பேட்ஜ். இதான் என் வேலை.

உங்க ஊட்ல மீட்டர் கெடையாது. அதனால இப்டி செய்யுங்க. ஆஸ்பத்திரில கட்டின துணிய அவங்களே வெச்சுப்பாங்க. ஊட்டுக்கு வந்தப்புறம் கட்ற துணிய தெனமும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, யாரும் போவாத மூலைல வெச்சுடுங்க. உடனே துவைக்கணும்னு அவசரம் இல்ல. இந்த அயோடினு எட்டு நாள்ல பாதி ஆயிடும், இன்னும் எட்டு நாள்ல அதுல பாதி. பாதிய நாளே துவைச்சுடும். மீதிய நாம துவைக்கலாம். கையில ஒற போட்டுக்கினு, ரெண்டு தடவ, தண்ணி நெறைய ஊத்தி. மத்தவங்க துணியோட சேக்காதீங்க. அவ்ளோதான். பேய் பிசாசு ஒண்ணும் இல்ல. வேர்வையும் எச்சிலும்தான்.

இப்ப கோவம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி தட்டு நெறையப் பழம் வெச்சுகினு நானும் அவரும் எங்க புள்ள கௌதமும் உங்க ஊட்டுக்கு வந்தோம். லாவண்யாவ எங்க ஊட்டுக்குக் கேட்டோம். நீங்க சிரிச்சுகினு காபி குடுத்தீங்க. பத்து நாள் கழிச்சு போன் பண்ணி ஜாதகம் பொருந்தலன்னீங்க.

ஜாதகமா? ஆவடி குவார்ட்டர்ஸ்ல எங்க பக்கத்து ஊட்ல வளந்த வரலட்சுமியா ஜாதகம் பாத்தா? பன்னெண்டாவது படிக்கறப்ப, கிளி ஜோசியக்காரன்கிட்ட அந்தக் கிளிக்கு எப்ப விடுதலைன்னு கேட்டவளா?

நான் அதே ஜாதகத்தை எடுத்துகினு போயி மூணு பேர்கிட்ட காட்டினேன். மூணு பேரும் பத்துக்கு எட்டுப் பொருத்தம்னாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சுது. எம் புள்ள இந்த டவுன்ஷிப்புல பொறந்து வளந்தவன். அதான் ஒங்களுக்குப் பொருந்தல. அவன் ப்ளான்ட்டுக்குள்ள கால் வெச்சதே இல்ல. அம்பத்தூர்ல கம்ப்யூட்டர்ல படம் வரைஞ்சுகினு இருந்தான்.

அதை நேரா சொல்லியிருந்தா நான் நேரா சண்ட போட்டிருப்பேன். சண்ட முடிஞ்சிருக்கும்.

16-ஆம் தேதி போய் அந்த மாத்திரைய முழுங்குங்க.

பா. பார்வதம்


மேனாம்பேடு
19 ஜூன் 2025

பார்வதம் அக்காவுக்கு,

நீங்கள் என்னை ‘நீங்க’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. துணி பற்றி எழுதிய பகுதியைத் தனித் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். மருத்துவமனைத் தாளைவிட அது தெளிவாக இருக்கிறது. நன்றி.

நீங்கள் சொன்னதுதான் காரணம். ஜாதகம் பொய். அந்தப் பொய்யை நான் தேர்ந்தெடுத்தது, அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்பதற்காக. கணக்கிலும் அறிவியலிலும் ஒன்றைச் சொன்னால் ஆதாரம் கேட்பார்கள். ஜாதகத்துக்கு யாரும் கேட்பதில்லை. நீங்கள் மூன்று பேரிடம் காட்டிக் கேட்டிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம் இருவரில் ஆராய்ச்சி செய்தது நீங்கள்தான்.

பேரன் பேத்தி எப்படிப் பிறக்குமோ என்று பயந்தேன். அணுமின் நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்களின் பிள்ளைகளைப் பற்றி வரும் வாட்ஸ்அப் படங்களில் பாதிக்கு மேல் வேறு ஏதோ நாட்டில், வேறு ஏதோ நோய்க்கு எடுத்தவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பயந்தேன். புள்ளியியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு எண்ணைக்கூடத் தேடிப் பார்க்கவில்லை. தேடினால் பயப்படக் காரணம் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. அப்புறம் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கும்?

உங்கள் வீட்டுக்கு 2010-இல் வந்தபோது ஆறு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தேன். லாவண்யாவுக்கு வயிறு சரியில்லை, கொதிக்கவைத்த தண்ணீர் என்றேன். நீங்கள் நம்பியது போல இருந்தீர்கள்.

16-ஆம் தேதியும் நான் போகவில்லை. இந்த முறை லாவண்யாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று சொன்னேன். ஏறவில்லை. டாக்டர் கோபமாகப் பேசினார். அயோடின் தருவதற்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இப்படியே எத்தனை நாள் இருக்க முடியும் என்று கேட்டார். ஜூலை 7 கடைசித் தேதி. அதற்கு மேல் தள்ளினால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மாத்திரை இல்லாததால் எந்நேரமும் குளிர்கிறது. படியேறினால் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. ஒரு வாக்கியத்தை எழுதி முடிப்பதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது.

மருந்தை விழுங்கிய பின் எங்கே இருப்பது என்பதும் தெரியவில்லை. அண்ணன் சிவராமனைக் கேட்டேன். அவர் வீட்டில் மூன்று வயதுப் பேரன். அவர் மறுத்தது சரிதான். அண்ணி போனை வாங்கி, “எங்க பிளாக்குக்கே பரவிடாதே வரலட்சுமி?” என்றார். அது வேறு. கீழ் வீட்டுக் கன்னியம்மா, எங்கள் வீட்டின் சொந்தக்காரர், நல்லவர். “டீச்சர், உங்கள தப்பா சொல்லல. மேல டேங்க்குல கலந்துட்சின்னா?” என்றார். சிரிப்புத்தான் வந்தது. ஆறு பாட்டில் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் எல்லாக் கேள்வியையும் விட்டுவிடவில்லை. அணுக்கழிவை எத்தனை ஆயிரம் வருடம் யார் காவல் காப்பார்கள்? விபத்து நடந்தால் நமக்கு உண்மையை எத்தனை நாள் கழித்துச் சொல்வார்கள்? இவை நியாயமான கேள்விகள். கௌதமின் கல்யாணத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டியது என் தவறு.

மன்னியுங்கள். இதை விலையாகச் சொல்லவில்லை. துணி துவைக்கும் முறை முன்பே கிடைத்துவிட்டது.

வரலட்சுமி


கல்பாக்கம்
23 ஜூன் 2025

அடி வரா,

ரெண்டு தடவ ஏமாத்திட்டு வந்து எனக்கு லெட்டர் எழுதறியா? எதிர்ல இருந்திருந்தா ஒண்ணு வெச்சிருப்பேன். கேன்சர்காரின்னுகூடப் பாத்திருக்க மாட்டேன்.

ஒன் லெட்டரை இவரு சத்தமா படிச்சாரு. கண்ணாடி ஒடஞ்சுடுச்சு எனக்கு. தண்ணி பாட்டில் எடம் வந்ததும் ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். நம்பினேன்னா நெனச்ச? நீ போனதுக்கப்புறம் மிச்சம் இருந்த ரெண்டு பாட்டிலையும் இவருதான் குடிச்சாரு. “அம்பத்தூர் தண்ணி, இதான்யா பயமா கீது”ன்னாரு.

நான் உனக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தணும். நீ மறந்துட்ட போல.

2003-ல இந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு இவரு சொன்னப்ப, எனக்குப் பயமா இருந்துச்சு. இவரு பஸ் ஓட்டறாரு, வெளியவே சுத்துவாரு. நான் உள்ள போவணும். அப்ப ஆவடிக்கு வந்து உங்கிட்டதான் கேட்டேன். நீ எம்.எஸ்ஸி. முடிச்சு, கைல லாவண்யாவ வெச்சுகினு இருந்த. “அக்கா, அங்க எல்லாத்தையும் அளந்து பாத்துதான் வேலை குடுப்பாங்க. அளக்காத எடத்துலதான் பயப்படணும்”னு சொன்ன. அப்ளிகேஷன் எழுதிக் குடுத்ததே நீதான். உன் கையெழுத்து. அந்த வேலையிலதான் கௌதமப் படிக்க வெச்சேன். எங்கப்பாவுக்கு ஆப்ரேஷன் பண்ணேன். அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. அதனாலதான் இவ்ளோ கோவமும்.

ஊரு பேசினா எனக்கு வலிக்காது. பழகிட்சு. ராத்திரில ஒடம்பு பளபளங்குமான்னு கேப்பாங்க, மீன் வாங்கினா மூணு கண்ணு கீதான்னு பாப்பாங்க. நீ எனக்குத் தைரியம் சொன்னவ. நீ ஜாதகம்னு சொன்னது அப்டியே குத்திகினு நின்னுட்சு.

இன்னொண்ணும் கீது. சுனாமி வந்த அன்னிக்கி எங்க டவுன்ஷிப்புல தண்ணி பூந்து, தெரிஞ்ச மொகம் எத்தனையோ போச்சு. ப்ளான்ட்ட நிறுத்திட்டாங்க, அதுக்கு ஒண்ணும் ஆவல. நான் கௌதம இழுத்துகினு மாடில நின்னேன். போன் லைன் வந்ததும் ஆவடிலருந்து எங்க சித்தி மவன் பேசினான். “அக்கா, அணுவுலைக்கு எதுனா ஆயிட்சா? காத்து இந்தப் பக்கம் அடிக்குதே”ன்னான். அன்னிக்கி வந்த போனெல்லாம் அதே மாதிரிதான். ‘கௌதம் எங்க, நீ எங்க, சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டவ நீ ஒருத்திதான். அதையும் நான் மறக்கல.

கழிவு பத்திக் கேட்டியே, எனக்குத் தெரியாது. எங்க ப்ளான்ட்ல கதிர்வீச்சு அளக்கற பிரிவுல வீரராகவன் சார்னு ஒருத்தர் கீறாரு. அவர்கிட்ட கேட்டேன். அரை மணி நேரம் சொன்னாரு. பாதி புரிஞ்சுது, பாதி புரியல. “ஒங்க ஃப்ரெண்டு கேக்கறது நல்ல கேள்விதாம்மா, கேக்க வேணாம்னு சொல்லாதீங்க”ன்னாரு. அதனால கேளு. ஆனா அதுக்கு ஆயிரம் வருஷம் கீது. உனக்கு ஜூலை ஏழுதான் கீது.

எடம் என்கிட்ட கீது. வானகரத்துல எங்கப்பா கட்டின ஊடு. பைபாஸ் சத்தம் கேக்கும், அதான் ஒரு கொற. குடித்தனம் காலி பண்ணி நாலு மாசமாவுது. உள் ரூம்ல தனிக் கக்கூஸ் கீது. மேல கீழ யாரும் கெடையாது, கொழந்தைங்க கெடையாது. நீ உள்ள, நான் முன் ரூம்ல. சாப்பாட்ட வாசப்படில வெச்சுடுவேன். வீரராகவன் சார்கிட்ட கேட்டுட்டேன். எனக்கு அம்பத்திரெண்டு வயசு, புள்ள பெத்துக்கப் போறதில்ல, ஆறடி தள்ளி இருந்தா போதும்னாரு. உன் துணியும் நானே துவைக்கறேன். இதுல எனக்கு இருவத்திரெண்டு வருஷ சர்வீஸ், வரா. உங்க ஆஸ்பத்திரில எவனுக்கும் அவ்ளோ கெடையாது.

ஆனா ஒரு கண்டிஷன். கௌதமுக்கு நீயே நெசத்த எழுதணும். அவன் தன்கிட்ட என்னமோ கொறன்னு மூணு வருஷமா நெனச்சுகினு கீறான். என்கிட்ட சொல்லல, எனக்குத் தெரியும். லாவண்யாகிட்டயும் சொல்லு.

சொல்லலன்னாலும் சாவி உனக்குதான். ஆனா சொல்லு.

பார்வதம்


மேனாம்பேடு
29 ஜூன் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். லாவண்யா கூப்பிட்டு இரண்டு முறை தண்ணீர் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

அந்த விண்ணப்பத்தை எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது சொன்னதைத்தான் மறந்துவிட்டேன். வேண்டுமென்றே மறந்தேனா என்றும் தெரியவில்லை.

கௌதமுக்கு எழுதினேன். ஒன்பது வரி. எதையும் மென்மையாக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அப்படியே தருகிறேன்:

“ஆன்ட்டி, அதுதானா காரணம்? என் மூக்கு பிடிக்கலைன்னு நினைச்சுட்டு இருந்தேன். சௌம்யாகிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே மூக்கைப் பத்தி மன்னிப்பு கேட்டு வெச்சேன். ட்ரீட்மென்ட்டுக்குப் போங்க.”

அவனுக்குக் கல்யாணம் ஆனதுகூட எனக்கு இப்படித்தான் தெரிந்தது. பத்திரிகை அனுப்பாதது நியாயம். சௌம்யாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவன் எவ்வளவு லேசாகத் தள்ளிவிட்டாலும், மூன்று வருடம் ஒரு பையன் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அது நான் செய்தது.

லாவண்யாவிடம் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், “எனக்கு ப்ராபபிலிட்டி சொல்லிக்கொடுத்தது நீதானேம்மா?” என்றாள். அவ்வளவுதான். பிறகு நாட்காட்டியைப் பார்த்து, நான் இல்லாத நாட்களுக்குச் சமையல் யார் என்று எழுத ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ஜெகனின் அம்மா வந்து இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் உதவி கேட்டது துணி துவைக்கும் முறைக்கு. நீங்கள் தருவது வீடு, உங்கள் விடுப்பு, உங்கள் கை. இதற்கு நன்றி என்ற சொல் எனக்குப் போதவில்லை. வேறு சொல் தெரியவில்லை. நான் இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் தடுமாறுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும்.

பத்தாம் தேதி மருத்துவமனையிலிருந்து விடுவார்கள்; டாக்டர் சொல்லும் வரை அயோடின் சேர்ந்த உப்பு, மீன், முட்டை, பால் எதுவும் எனக்கு ஆகாது. வானகரத்துக்கு வருகிறேன்.

வரலட்சுமி


கல்பாக்கம்
2 ஜூலை 2025

வரா,

அவசரமா எழுதறேன், ட்யூட்டிக்கு டைம் ஆச்சு.

பத்தாம் தேதி ஆஸ்பத்திரிலருந்து விடுவாங்கன்னு சொன்ன. அன்னிக்கி நேரா வானகரம். பதினேழு நாள் லீவு போட்டுட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். எங்க சூப்பர்வைசர் சிரிச்சு சிரிச்சு, “பார்வதம், இருவது வருஷமா நம்ம ப்ளான்ட்லருந்து வெளிய போவறப்ப கதிர் பாக்கற கேட் மிஷின் உன்னப் பாத்துக் கத்தினதில்ல. உன் ஃப்ரெண்டப் பாத்துட்டு உள்ள வர்றப்ப கத்தப் போவுது”ன்றாரு. அதனாலதான் நடுவுல ட்யூட்டிக்கு வரவே வேணாம்னு மொத்தமா லீவு.

கேட்டுக்க. போன வருஷம் முழுக்க என் பேட்ஜ்ல ஏறினது, வயித்துக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தா வர்றதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. நீ மாத்திரை முழுங்கின அன்னிக்கி, உன் பக்கத்துல ரெண்டு மணி நேரம் ஒக்காந்தா அந்த ஒரு வருஷக் கணக்கு வந்துடுமாம். வீரராகவன் சார் தோராயமா சொன்னாரு. இப்ப சொல்லு, யாரு யாரப் பாத்துப் பயப்படணும்?

வேம்புலி வந்து கக்கூஸ் குழாய சரி பண்ணிட்டான். “யாரு வராங்கோ அக்கா?”ன்னான். “ஒரு அணுவுலை வருது”ன்னேன். கூலி வாங்காமயே ஓடப் பாத்தான். புடிச்சுக் குடுத்தனுப்பினேன்.

அயோடின் போடாத உப்பு ரெண்டு கிலோ வாங்கிட்டேன். மீனு, முட்ட, பாலு எதுவும் ஆவாதுன்னு சொன்னியே, டாக்டரு சொல்ற வரைக்கும் அதான். பயமா இருந்தா பயந்துகினே போ. பயம் போனப்புறம் போலாம்னு ஒக்காராத.

பார்வதம்


மேனாம்பேடு
6 ஜூலை 2025, மாலை

அக்கா,

இதை நாளைக் காலை தபாலில் போடலாம் என்று எழுதத் தொடங்குகிறேன். பை கட்டியாகிவிட்டது. இரண்டு பழைய புடவை, பல்துலக்கி, எலுமிச்சை மிட்டாய். உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். வெளியே முப்பத்தேழு டிகிரி, நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். ஜெகன் லாவண்யாவைவிட்டு நகரக் கூடாது. அண்ணன் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். தனியாகப் போவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆனால் முந்தைய இரண்டு முறையும் தனியாகத்தான் கிளம்பினேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஜூன் 16 அன்று அம்பத்தூர் எஸ்டேட் வரை ஆட்டோவில் போய், அங்கே இறங்கி, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து போன் செய்து பொய் சொன்னேன். திரும்பி வரும் ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது.

நாளை என்ன செய்வேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் உப்பு வாங்கி வைத்திருக்கிறீர்கள், குழாய் சரி செய்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் இப்படி எழுதுவது வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் மறுபடியும் பொய் சொல்வதைவிட இது மேல்.

லாவண்யா கூப்பிடுகிறாள். காலையில் முடிக்கிறேன்.

---

27 ஜூலை

அக்கா, காலையில் முடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தாள் மூன்று வாரம் இழுப்பறையிலேயே இருந்தது. இன்று வீட்டுக்கு வந்து எடுத்தேன். வானகரத்தில் அந்தப் பதினேழு நாளும் முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவே ஆறடி தள்ளி நின்றபடியே நாம் பேசாதது எதுவும் இல்லை. இதை மட்டும் நேரில் என்னால் சொல்ல முடியவில்லை. பாதியில் நின்ற கடிதத்தை அப்படியே அனுப்புவதும் சரியில்லை. ஆகவே மறுநாள் நடந்ததை, நடந்தபடி எழுதி முடிக்கிறேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள். தவறிருந்தால் திருத்துங்கள்.

ஜூலை 7, திங்கள்கிழமை. ஆறே முக்காலுக்குக் கீழே ஹார்ன் சத்தம். ஆட்டோ என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கௌதமின் கார் நின்றிருந்தது. நீங்கள் கன்னியம்மாவோடு கேட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். “தா பாரும்மா, இன்னிக்கி இவ வெறும் ஆளு. நாலா நாளுதான் மருந்து ஆளு. அப்பவும் உன் டேங்க்குப் பக்கம் வர மாட்டா, என் ஊட்டுக்குத்தான் வரா. போதுமா?” என்றீர்கள். கன்னியம்மா, “நான் டீச்சர ஒண்ணும் சொல்லலியே” என்று உள்ளே போய், ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தார். எனக்குப் பால் பொருள் கூடாது என்றதும் அதை நீங்கள் வாங்கிக் குடித்தீர்கள்.

பத்தாம் தேதிதானே வருவதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “ரெண்டு தடவ ஓடினவள ஆட்டோல அனுப்பினா எங்க எறங்குவியோ, யாரு கண்டா?” என்றீர்கள். நான் பாதி வழியில் இறங்கியதை எழுதிய இந்தத் தாள் அப்போது இழுப்பறையில்தான் இருந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

பின் கதவைத் திறக்கப் போனேன். கௌதம் இறங்கி வந்து முன் கதவைத் திறந்தான். “இன்னிக்கு முன்னாடி உட்காருங்க ஆன்ட்டி. வியாழக்கிழமை நீங்க பின் சீட்டுல, அந்த ஓரமா” என்றான். நான் அவன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். தெருவில், எல்லோருக்கும் கேட்கும்படி. அவன் மூக்கைத் தடவிக்கொண்டு, “சரி ஏறுங்க, திருமங்கலத்துல ட்ராஃபிக் ஆயிடும்” என்றான்.

எஸ்டேட் பஸ் ஸ்டாப்பைக் கடக்கும்போது என் கை கதவுப் பிடிக்குப் போனது. நீங்கள் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள். கார் நிற்கவில்லை.

மருத்துவமனையில், மருந்து தருவதற்கு முன் ஒரு படிவம். வீட்டுக்குப் போன பின் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் பெயர், வயது, உறவு. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் உங்கள் பெயரையும் வயதையும் எழுதிவிட்டு, “பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்றாள்.

“சம்பந்தி ஆவறதா இருந்துச்சு. ஆவல” என்றீர்கள்.

அவள் விசைப்பலகையில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். “ஆமாம். என்னாலதான்” என்றேன்.

“அப்ப நான் என்னன்னு போடறது மேடம்?”

“அது உன் கஷ்டம்மா” என்று சொல்லிவிட்டு நீங்கள் கையெழுத்துப் போடப் பேனா கேட்டீர்கள். அவள் கொஞ்சம் யோசித்து, ‘நெருங்கிய உறவு’ என்று தட்டச்சு செய்தாள். திரையை நான் எட்டிப் பார்த்தேன்.

பத்து நாற்பதுக்கு மாத்திரை கொடுத்தார்கள். சாதாரண மாத்திரை அளவுதான் இருந்தது. விழுங்கினேன்.

வரலட்சுமி